ஒரு ஜாமீன் கையெழுத்தும் நான்கு கடற்பயணங்களும்: கேப்டன் சார்லஸ் கிளார்க்

பசிபிக் கடற்பயணம் என்றால் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லிக்கொடுத்த பெயர் ஜேம்ஸ் குக். அவருடைய மூன்று பெரும் பயணங்களிலும் கூடவே போனவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரில் ஒருவர் சார்லஸ் கிளார்க். குக்கோடு சேருவதற்கு முன்பே ஒருமுறை உலகைச் சுற்றி வந்தவர். ஹவாயில் குக் கொல்லப்பட்ட நாளில் இரண்டு கப்பல்களின் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. அதிலிருந்து ஆறு மாதம் கழித்து, 1779 ஆகஸ்ட் 22 அன்று, ரஷ்யாவின் கம்சட்கா கரைக்கு அருகே கப்பலிலேயே காசநோயால் இறந்தார். வயது 38.

இந்த மனிதரை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அவருடைய வீரம் அல்ல. புயல், பனிப்பாறை, பீரங்கி, ஸ்கர்வி நோய் என்று அந்தக் காலத்து மாலுமியைக் கொல்லும் எல்லாவற்றிலும் தப்பியவர் அவர். கடைசியில் அவரை மடக்கியவை இரண்டு காகிதங்கள் என்பது என் கணிப்பு. ஒன்று, சகோதரரின் கடனுக்காகக் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரம். மற்றது, வேண்டிய நேரத்தில் முடித்து வைக்காத கப்பல் கணக்கு.

பின்னணி

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், வெதர்ஸ்ஃபீல்டில் 1741-இல் பிறந்தார். பதின்ம வயதிலேயே கடற்படைக்குப் போய்விட்டார். பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போரில், 1761 ஆகஸ்டில், 'பெலோனா' என்ற போர்க்கப்பலில் பின்பாய்மரத்தின் உச்சி மேடையில் நின்றுகொண்டிருந்தார். எதிரியின் குண்டு பட்டு அந்த மரமே முறிந்து கடலில் விழுந்தது. மேடையில் இருந்தவர்களில் உயிரோடு மீட்கப்பட்டவர் கிளார்க் ஒருவர்தான்.

அடுத்து 1764 முதல் 1766 வரை, ஜான் பைரன் தலைமையில் 'டால்ஃபின்' கப்பலில் மிட்ஷிப்மேனாக, அதாவது பயிற்சி நிலை அதிகாரியாக, முதல் உலகச் சுற்று. திரும்பி வந்ததும் ஒரு வேலை செய்தார், அதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். தென் அமெரிக்காவின் முனையில் தாங்கள் பார்த்த படகோனிய மக்கள் குறைந்தது எட்டடி உயரம் என்றும், ஒன்பது அடிக்காரர்களும் உண்டு என்றும் லண்டன் ராயல் சொசைட்டிக்கு முழு நீளக் கடிதம் எழுதினார். அவர்களும் அதை 1767-க்கான தங்கள் ஆய்விதழில் அச்சிட்டார்கள். அதே 'டால்ஃபின்' அடுத்த பயணத்தில் அங்கே போனபோது, கேப்டன் வாலிஸ் அளவுகோல் வைத்தே அளந்தார். மிக உயரமானவர் 6 அடி 7 அங்குலம். பெரும்பாலானோர் ஆறடியைத் தாண்டவில்லை. கிளார்க் தெரிந்தேதான் கதை விட்டிருக்கிறார். அவர் இயல்பு அது. நாலு பேர் கூடினால் சிரிக்க வைப்பார், கொஞ்சம் குடிப்பார், வாய்க்கு வந்ததைப் பேசுவார். கூடப் பயணித்த எவருக்கும் அவர்மேல் பெரிய மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை. அறுபது, எழுபது பேர் மூன்று வருடம் ஒரே கப்பலில் அடைந்து கிடக்கும் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

1768-இல் குக்கின் 'எண்டெவர்'. கப்பலுக்கு வழி கணிக்கும் அதிகாரியான மாஸ்டரின் துணையாளாகச் சேர்ந்தவர், லெப்டினன்டாகத் திரும்பினார். அந்தப் பதவி எப்படி வந்தது என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி சக்கரி ஹிக்ஸ் ஊருக்குத் திரும்பும் வழியில், 1771 மே மாதம் இறந்தார். அந்தக் காலி இடத்தால் கீழே இருந்தவர்கள் ஒருபடி ஏற, கிளார்க்குக்கு மூன்றாம் லெப்டினன்ட் பதவி கிடைத்தது. ஹிக்ஸ் இறந்தது காசநோயால். இங்கிலாந்தை விட்டுப் புறப்படும்போதே அவருக்கு அந்த நோய் இருந்தது என்று குக் எழுதியிருக்கிறார். அப்படியானால் சுமார் 106 அடி நீளமே உள்ள ஒரு கப்பலில், ஏறக்குறைய மூன்று வருடம், இருமிக்கொண்டிருந்த ஒருவரோடு கிளார்க் வாழ்ந்திருக்கிறார். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் பயணத்துக்கு 'ரெசல்யூஷன்' கப்பல் தயாரானபோது, செல்வந்தரும் தாவரவியலாளருமான ஜோசஃப் பேங்க்ஸ் தன் பரிவாரத்துக்காக மேலே ஒரு தளத்தையே எழுப்பச் சொன்னார். கப்பல் தலைகனத்து, கவிழ்ந்துவிடும் நிலைக்கு வந்தது. கிளார்க் பேங்க்ஸின் நெருங்கிய நண்பர். இருந்தும் அவருக்கே கடிதம் எழுதி, நான் பார்த்ததிலேயே ஆபத்தான கப்பல் இதுதான் என்று சொல்லிவிட்டார். கூடவே, உத்தரவு என்றால் சாராயத் தொட்டியில் ஏறிக்கூடக் கடலுக்குப் போவேன் என்றும் சேர்த்துக்கொண்டார். கட்டியதையெல்லாம் இடித்தார்கள், பேங்க்ஸ் கோபித்துக்கொண்டு விலகினார், கிளார்க் இரண்டாம் லெப்டினன்டாகப் புறப்பட்டார். அந்தக் கப்பல் 1774 ஜனவரி 30 அன்று தெற்கே 71 டிகிரி 10 நிமிடம் வரை போனது. அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு தெற்கே போனதில்லை.

காகிதம் ஒன்று: ஜாமீன்

1775-இல் திரும்பியதும் கமாண்டர் பதவி. 1776 பிப்ரவரியில் மூன்றாம் பயணத்தின் இரண்டாவது கப்பலான 'டிஸ்கவரி'யின் தலைமையும் வந்தது. விட்பி ஊரில் கட்டிய நிலக்கரிக் கப்பல், சுமார் 300 டன், 70 ஆட்கள். வேலை: வட அமெரிக்காவின் மேல்பக்கமாகப் பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் இணைக்கும் வழி ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது.

இந்த நேரத்தில்தான் பத்திரம் தலைதூக்கியது. கிளார்க்கின் சகோதரர் சர் ஜான் கிளார்க்கும் கடற்படைக் கேப்டன். அவர் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன். வாங்கியவர் கட்டாமல் கப்பலேறிப் போய்விட்டார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, பணத்தை வைக்கும்வரை கடனாளியைச் சிறையில் வைத்திருக்கக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. ஜாமீன்தாரருக்கும் அதே கதிதான். கிளார்க் லண்டனின் சவுத்வார்க்கில் இருந்த கிங்ஸ் பெஞ்ச் சிறைக்குப் போனார்.

அந்தச் சிறையில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. காசும் உத்தரவாதமும் கொடுத்தால் கைதி மதிலுக்கு வெளியே, சிறையைச் சுற்றி வரையறுத்த சில தெருக்களுக்குள் வீடெடுத்துத் தங்கலாம். எல்லையைத் தாண்டி ஒரு அடி வைத்தால் பிடித்து உள்ளே போடுவார்கள். கிளார்க் இந்த எல்லைக்குள் அடைபட்டுத்தான் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே தலை காட்டினால் கடன்காரர்கள் அமுக்கிவிடுவார்கள் என்றும், தான் தொட்டதெல்லாம் இப்படித்தான் ஆகிறது என்றும் அதில் புலம்பியிருக்கிறார். இதற்கிடையில் அவருடைய கப்பலை முதல் லெப்டினன்ட் ஜேம்ஸ் பர்னி தேம்ஸ் ஆற்றிலிருந்து பிளிமத் துறைமுகம் வரை ஓட்டிப் போனார். கிளார்க்குக்காகக் காத்திராமல் குக் ஜூலை 12 அன்று 'ரெசல்யூஷனில்' கிளம்பினார், பின்னால் வந்து கேப் டவுனில் சேர்ந்துகொள்ளும்படி உத்தரவு வைத்துவிட்டு.

ஜூலை முடியும் நேரத்தில் கிளார்க் வெளியே வந்து, ஆகஸ்ட் 1 அன்று பிளிமத்திலிருந்து பாய் விரித்தார். கிளம்பும் முன் பேங்க்ஸுக்கு எழுதிய நாலு வரியில் துள்ளல் தாங்கவில்லை. 'இழுங்கடா பசங்களா, கிளம்பிட்டோம்' என்ற தொனி. நவம்பர் 10 அன்று கேப் டவுனில் குக்கைப் பிடித்தார். ஆனால் சிறை அவரோடு கப்பலேறியிருந்தது. அந்தச் சிறையில் பற்றிய நோய்தான் இது என்று கடைசிவரை அவர் சொல்லிவந்தார்.

அவர் சொன்னது சரிதானா? நெருக்கமான, காற்றோட்டம் இல்லாத கடன்காரர் சிறை காசநோய்க்குத் தோதான இடம்தான். ஆனால் அந்தக் கிருமி உடலுக்குள் புகுந்த பிறகு வருடக்கணக்கில் சும்மா கிடந்து, உடம்பு நொந்து போகும்போது தலை தூக்கும். இது 1882-இல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு கிடைத்த அறிவு. கிளார்க்குக்கோ அவருடைய வைத்தியர்களுக்கோ தெரிய வாய்ப்பில்லை. ஹிக்ஸோடு கழித்த மூன்று வருடத்தை வைத்துப் பார்த்தால், விதை 'எண்டெவரி'ல் விழுந்திருக்கவும், சிறை அதை முளைக்க வைத்திருக்கவும் இடமிருக்கிறது. எந்த வழியில் பார்த்தாலும் 1776 கோடைதான் திருப்பம்.

காகிதம் இரண்டு: முடியாத கணக்கு

1777 முழுக்கத் தென்பசிபிக் தீவுகளில் கழிந்தது. கிளார்க்கைப் புரிந்துகொள்ள அந்த வருடத்திலிருந்து இரண்டு மூன்று காட்சிகள் போதும்.

டோங்கா தீவுகளில் திருட்டுத் தொல்லை. இரும்பு ஆணியிலிருந்து பூனை வரை எது கைக்கு எட்டினாலும் போய்விடும். இந்தப் பயணத்தில் குக் பழைய குக்காக இல்லை. கசையடி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, சிலருக்குக் காதை அறுக்கும் அளவுக்குப் போனார். எதுவும் பலிக்கவில்லை. 'டிஸ்கவரி'யில் கிளார்க் வேறு வழி பிடித்தார். பிடிபட்டவனை நாவிதரிடம் ஒப்படைத்து மொட்டையடித்து அனுப்பினார். ஊருக்குள் போனால் சொந்த ஜனங்களே கைகொட்டிச் சிரித்தார்கள். கப்பல்காரர்களுக்கு, மறுமுறை வந்தால் ஆளை அடையாளம் தெரிந்தது. ரத்தம் சிந்தாத தண்டனை, அடியைவிட நன்றாகவே வேலை செய்தது. அதிகாரபூர்வப் பயண வரலாற்றிலேயே இந்த யோசனை கிளார்க் பேரில் பதிவாகியிருக்கிறது.

தஹிட்டியில், கப்பலில் கொண்டுபோன குதிரைகளை இறக்கி, குக்கும் கிளார்க்கும் மத்தவாய் சமவெளியில் சவாரி போனார்கள். குதிரைமேல் மனிதன் ஏறி ஓட்டுவதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. நாள்தோறும் கூட்டம் பின்னாலேயே ஓடியது. கிளார்க்குக்கு ஏற்கெனவே இருமல் முற்றிக்கொண்டிருந்த காலம்.

மூன்றாவது காட்சி ராயடீயா தீவில். நவம்பர் கடைசியில் 'டிஸ்கவரி'யைச் சேர்ந்த ஒரு மிட்ஷிப்மேனும் பீரங்கித் துணையாளும் தப்பி ஓடினார்கள். அவர்களைப் பிடிக்க குக் கையாண்ட முறை: தீவுத் தலைவரின் மகனையும், மகள் பொயெதுவாவையும், மருமகனையும் கிளார்க்கின் கப்பலுக்கு நல்ல வார்த்தை சொல்லி வரவழைத்து, கேபினில் பூட்டி வைப்பது. ஓடியவர்களைக் கொண்டுவந்தால் இவர்களை விடுவோம் என்பது பேரம். பதிலுக்குத் தீவுக்காரர்கள் குக்கையும் கிளார்க்கையும் கடத்தப் பார்த்தார்கள்; அது கைகூடவில்லை. பேரம் பலித்தது. பலித்ததுதான் வினை. பதினைந்து மாதம் கழித்து ஹவாயில் குக் அதே முறையைத் திரும்பச் செய்யப் போய்த்தான் உயிரை விட்டார்.

இந்தத் தீவுகளை விட்டுக் கிளம்பும் முன்புதான் இரண்டாவது காகிதம் குறுக்கே வந்தது. 'ரெசல்யூஷனின்' வைத்தியர் வில்லியம் ஆண்டர்சனுக்கும் அதே நோய். வைத்தியர் என்பதால் தன் நிலையும் கிளார்க்கின் நிலையும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வடக்கே பனிக்கடலுக்குப் போனால் இருவரும் திரும்பப் போவதில்லை. இந்த வெப்பத் தீவுகளிலேயே தங்கிவிட குக்கிடம் அனுமதி கேட்போம் என்று பேசி முடிவெடுத்தார்கள். பர்னி பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார். தடை என்னவென்றால், பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுப் போகும் கேப்டன் கப்பலின் கணக்கு வழக்குகளைத் தீர்த்து ஒப்படைக்க வேண்டும். கிளார்க்கின் கணக்குகள் தயாராக இல்லை. அடுத்த தீவில் முடித்துவிடலாம் என்று தள்ளிப் போட்டார். அங்கேயும் முடியவில்லை, மறுபடி அடுத்த தீவு. டிசம்பரில் போரபோராவை விட்டுக் கப்பல்கள் வடக்கே திரும்பியபோது கணக்கு அப்படியே கிடந்தது.

சுறுசுறுப்பான மாலுமி, நாட்குறிப்பில் நல்ல எழுத்து, ஆனால் வரவு செலவு எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. இப்படிப்பட்டவர்களை எல்லா அலுவலகத்திலும் பார்த்திருக்கிறோம். பொதுவாக அதற்கு விலை ஒரு மெமோ.

ஆண்டர்சன் 1778 ஆகஸ்ட் 3 அன்று பெரிங் கடலில் இறந்தார். அதே மாதம் 18-ஆம் தேதி கப்பல்கள் வடக்கே 70 டிகிரி 44 நிமிடம் வரை போய், கண்ணுக்கெட்டிய தூரம் பனிச்சுவராக நிற்கக் கண்டு திரும்பின. தெற்கே 71 டிகிரியையும் வடக்கே 70 டிகிரியையும் தாண்டிப் பார்த்தவர்கள் அன்றைக்கு உலகத்திலேயே இந்தக் கூட்டத்தில் மட்டும்தான் இருந்தார்கள். கிளார்க் அவர்களில் ஒருவர்.

பிப்ரவரி 14

குக்கின் மரணத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தேவையான அளவு மட்டும். 1779 பிப்ரவரி தொடக்கத்தில் ஹவாயை விட்டுப் புறப்பட்ட கப்பல்கள், 'ரெசல்யூஷனின்' முன்பாய்மரம் பிளந்ததால் கெயலகெகுவா வளைகுடாவுக்கே திரும்பின. மரத்தைக் கழற்றிக் கரையில் போட்டு, லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங்கின் காவலில் வேலை நடந்தது. 13-ஆம் தேதி இரவு 'டிஸ்கவரி'யின் பெரிய படகு திருடு போனது. காலையில் கிளார்க்கே போய் குக்கிடம் சொன்னார். மன்னர் கலானியோபுவைப் பிணையாகப் பிடித்து வர குக் கடற்படை வீரர்களோடு கரையேறினார். குக்கும் நான்கு வீரர்களும் அங்கேயே கொல்லப்பட்டார்கள்.

அந்த நிமிடத்திலிருந்து தலைமை, படுக்கையில் இருந்திருக்க வேண்டிய ஒருவரிடம். கிளார்க் 'ரெசல்யூஷனுக்கு' மாறினார், அதன் முதல் லெப்டினன்ட் ஜான் கோர் 'டிஸ்கவரி'க்குப் போனார். மாலுமிகள் கொதித்துப் போயிருந்தார்கள். ஊரையே அழிக்க வேண்டும் என்று ஒரே கூச்சல். கிளார்க் முதலில் பார்த்தது பாய்மரத்தை. அதுவும் கடிகாரமும் வானியல் கருவிகளும் கரையில். மரம் போனால் கப்பல் போச்சு. கப்பல் போனால் எல்லாரும் போச்சு. நண்பகலுக்குள் எல்லாவற்றையும் பத்திரமாகக் கப்பலுக்குக் கொண்டுவர வைத்தார். பழிவாங்கும் தாக்குதலுக்கு உத்தரவு தரவில்லை. குக்கின் உடலைக் கேட்டுப் பேச்சுவார்த்தை நடத்தினார்.

முழுக்கக் கட்டுப்படுத்தினார் என்று சொல்ல முடியாது. 17-ஆம் தேதி தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கல்லெறி வந்தபோது, மாலுமிகள் பக்கத்துக் கிராமத்துக்குத் தீ வைத்தார்கள். நட்போடு இருந்த பூசாரிகளின் வீடுகளும் அதில் எரிந்தன. இரண்டு பேரின் தலையை வெட்டிக் கொண்டுவந்து காட்டினார்கள். தண்ணீர்க் காவலுக்கு என்று கொடுத்த உத்தரவு கைமீறிப் போனது. தான் போய் நேரில் நிற்க முடியாத தலைவரின் உத்தரவுக்கு இந்தக் கதி நேரும்.

20-ஆம் தேதி ஹவாய்த் தலைவர்கள் நல்ல துணியில் சுற்றி, இறகுப் போர்வை போர்த்திய ஒரு மூட்டையைக் கொடுத்தார்கள். உள்ளே எலும்புகள். கைகள் மட்டும் தோலோடு இருந்தன. வலது கையில் பெரிய தழும்பு. பல வருடத்துக்கு முன் நியூஃபவுண்ட்லாந்தில் வெடிமருந்துக் கொம்பு வெடித்து வந்த காயம் அது. அதை வைத்துத்தான் குக் என்று உறுதி செய்தார்கள். அடுத்த நாள் கடலடக்கம், 22-ஆம் தேதி பாய் விரிப்பு.

நடந்ததைக் கிளார்க் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நண்பரும் தலைவருமானவரை இழந்து ஒரு வாரம்கூட ஆகாத சூழலில், அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில் ஒருவனைத் தண்டிக்க கேப்டன் குக் முயலாமல் இருந்திருந்தால் காரியம் இந்த அளவுக்குப் போயிருக்காது என்று தான் உறுதியாக நம்புவதாக எழுதுகிறார். ஹவாய் மக்களை அரக்கர் ஆக்கவில்லை, குக்கைத் தெய்வமும் ஆக்கவில்லை. அந்தக் கப்பல்களில் இருந்த பலர் அப்புறம் எழுதியதோடு ஒப்பிட்டால் இது அபூர்வமான நிதானம்.

கம்சட்கா

ஏப்ரல் கடைசியில் 'ரெசல்யூஷன்' கம்சட்காவின் அவாச்சா வளைகுடாவுக்குள் நுழைந்தது. பெட்ரோபாவ்லோவ்ஸ்க் அன்று துறைமுகம் என்ற பெயருக்குச் சில மரக்குடிசைகள். கோரும் கிங்கும் ஓவியர் வெப்பரும் பனியில் குறுக்கே பயணம் செய்து, போல்ஷெரெட்ஸ்கில் இருந்த ஆளுநர் மேஜர் மாக்னஸ் பேமைப் பார்த்தார்கள். அவர் மாடுகளும் மாவும் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். மாலுமிகளுக்கு என்று நாலு மூட்டைப் புகையிலையும் தனியாக அனுப்பினார். புகையிலை இல்லாமல் மாதக்கணக்கில் வாடிக்கிடந்தவர்கள் அசந்து போய், தங்கள் அன்றாடச் சாராயப் படியை நிறுத்தி அதை அந்த ஊர்ச் சிப்பாய்களுக்குக் கொடுக்கும்படி தாங்களாகவே கேட்டார்கள். மாலுமி தன் சாராயத்தை விட்டுக்கொடுப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று கடற்படை பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும்.

பேம் பதவி முடிந்து தலைநகருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குக் இறந்த செய்தியும் பயண அறிக்கையும் அடங்கிய கிளார்க்கின் கடிதக் கட்டை அவரிடம் ஒப்படைத்தார்கள். சைபீரியா வழியாக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், 1780 ஜனவரியில் லண்டனைத் தொட்டது. குக் இறந்தது இங்கிலாந்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அதை எழுதிய கை அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தது.

ஜூன் நடுவில் கிளார்க் மறுபடி வடக்கே. ஜூலை முதல் வாரம் பெரிங் நீரிணையைக் கடந்தார்கள். 70 டிகிரி 33 நிமிடம்வரை போக முடிந்தது. முந்தைய வருடம் குக் போனதைவிடச் சற்றுக் குறைவு. 'டிஸ்கவரி' பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கி அடிபட்டது. ஜூலை 27 அன்று இந்தப் பக்கம் வழி கிடையாது என்று முடிவெடுத்துக் கப்பல்களைத் திருப்பினார். அதற்குள் எழுந்து உட்காரவே முடியாமல் போய்விட்டது.

இறப்பதற்குச் சில நாள் முன்பு பேங்க்ஸுக்குக் கடைசிக் கடிதம். சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். கிங்ஸ் பெஞ்ச் சிறையில் பிடித்த நோய் காசநோய் என்று ஆகிவிட்டது, பர்லிங்டன் தெருவில் உங்களிடம் விடைபெற்ற நாளிலிருந்து ஒரு நாள்கூட நலமாக இருந்ததில்லை, இப்போது படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை என்கிறார். அப்புறம் தன்னைப் பற்றி இல்லை. நண்பருக்காகச் சேர்த்து வைத்த அபூர்வப் பொருள்களைப் பற்றியும், தன்கீழ் வேலை பார்த்தவர்களுக்கு ஒத்தாசை செய்யும்படியும் எழுதச் சொல்கிறார். அதில் பெயர் வந்தவர்களில் வைத்தியரின் துணையாள் வில்லியம் எல்லிஸும் ஒருவர்.

ஆகஸ்ட் 22 காலையில் உயிர் பிரிந்தது. இரண்டு நாள் கழித்துக் கப்பல்கள் துறைக்குள் வந்தன. 29-ஆம் தேதி பெட்ரோபாவ்லோவ்ஸ்கில் அடக்கம். 1787-இல் அந்தப் பக்கம் வந்த பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸ் கல்லறைக்குச் செப்புத் தகடு பதித்தார். 1913-இல் பிரிட்டிஷ் கடற்படை அங்கே ஒரு நினைவுத் தூண் எழுப்பியது.

மதிப்பீடு

இரண்டாவது வடக்குப் பயணத்தைக் கிங் முதல் எல்லாருமே தியாகம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்: வெப்பமான ஊருக்குத் திரும்பினால் பிழைக்கலாம் என்று தெரிந்தும் கடமைக்காகக் குளிருக்குப் போனார் என்று. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

காசநோய்க்கு மருந்து வந்தது 1940-களில். 1779 மே மாதத்தில் அவர் சீனக் கரையில் உள்ள மக்காவ் துறைமுகத்துக்குத் திரும்பியிருந்தாலும் சில மாதங்கள் கூடியிருக்கலாம், பிழைத்திருக்க மாட்டார். தஹிட்டியில் தங்கியிருந்தாலும் அதேதான். ஒருவேளை சாவு கொஞ்சம் இதமாக இருந்திருக்கும். ஆகவே தன் உயிரைப் பொறுத்தவரை அவர் இழந்தது நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கேட்க வேண்டிய கேள்வி இரண்டு கப்பல்களில் இருந்த மற்றவர்களைப் பற்றியது. பனிக்கட்டிகளுக்கு நடுவே கப்பலை ஓட்டும்போது தளத்தில் நின்று நொடிக்கு நொடி முடிவெடுக்கும் தலைவர் வேண்டும். கிளார்க் அறைக்குள் படுத்திருந்தார். பார்ப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். கோர் திடகாத்திரமாக இருந்தார். பைரனோடும் வாலிஸோடும் குக்கோடும் சுற்றி வந்த பழுத்த அனுபவம். பெட்ரோபாவ்லோவ்ஸ்கிலேயே தலைமையைக் கோரிடம் விட்டிருக்கலாம். கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி குக்குக்குக் கொடுத்த உத்தரவும், குளிர்காலத்துக்குப் பின் மறுபடி வடக்கே போய்ப் பார்க்கச் சொன்னதே தவிர, எவ்வளவு தூரம் என்பதைத் தலைவரின் விவேகத்துக்கே விட்டிருந்தது. கடற்படை அதிகாரி ஒருவர் உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்து இறங்குவது அன்றைக்கு மானப் பிரச்சினை. ஏற்கெனவே ஒருமுறை கப்பல் தயாராக நிற்கத் தான் சிறைக்குள் நின்ற அவமானம் அவருக்கு இருந்தது. அது மறுபடி நடக்கக் கூடாது என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

பலன் என்று பார்த்தால் நிலப்படத்தில் புதிதாக ஏறியது அதிகமில்லை. ஆனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோடையிலும் பனி அடைத்து நின்றது என்ற பதிவு, அந்தப் பக்கம் பாய்க்கப்பல் போகும் வழி இல்லை என்ற வாதத்துக்குக் கனமான சான்றானது. இரண்டு கப்பல்களும் முழுசாகத் திரும்பின. கெயலகெகுவாவில் அவர் எடுத்த முடிவு இல்லையென்றால் அதுவே நடந்திருக்காது. என் கணக்கில் கிளார்க்கின் ஆகப்பெரிய சாதனை பனிக்கடலில் இல்லை. பிப்ரவரி 14 அன்று பீரங்கியைத் திருப்பச் சொல்லாமல் பாய்மரத்தைத் தூக்கச் சொன்னதில் இருக்கிறது.

அவருக்குப் பின் கோர் 'ரெசல்யூஷனை'யும் கிங் 'டிஸ்கவரி'யையும் ஏற்று, ஜப்பான் கரையோரமாக மக்காவ் போய், 1780 அக்டோபரில் இங்கிலாந்து சேர்ந்தார்கள். பயண வரலாறு 1784-இல் மூன்று பாகமாக வெளிவந்தது. குக், கிளார்க், கோர் ஆகியோர் தலைமையில் நடந்த பயணம் என்று முகப்பில் போட்டார்கள். முதல் இரண்டு பாகத்தை எழுதியவர் குக், மூன்றாம் பாகத்தை எழுதியவர் கிங்.